சைகோன் பெட்டி: காரைக்கால் முஸ்லிம்களும் கிழக்கே போன கடல் வழியும்

காரைக்கால்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? பொய் சொல்லாதீங்க. சென்னையில என்கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட கேட்டா, பாதிப் பேர் "சரக்கு விலை கம்மில்ல?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. கொஞ்சம் பக்தியானவங்க திருநள்ளாறு சனீஸ்வரர்னு சொல்வாங்க. தமிழ் படிச்சவங்க காரைக்கால் அம்மையார்னு சொல்வாங்க. யாருமே சைகோன்னு சொல்ல மாட்டாங்க. வியட்நாம்ல இருக்கிற சைகோன்தான். இன்னிக்கு ஹோ சி மின் நகரம்னு பேர்.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால்ல. பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் வீட்ல கறுப்பு நிறத்துல, மேலே சிப்பி பதிச்ச ஒரு மரப்பெட்டி இருக்கும். "சைகோன் பெட்டி"ன்னு சொல்வாங்க. சின்ன வயசுல நாங்க அதைத் தொடக்கூடாது. அவனோட பாட்டியை நாங்க எல்லாருமே "உம்மா"ன்னுதான் கூப்பிடுவோம். போன வருஷம் ஊருக்குப் போனப்போ உம்மா அந்தப் பெட்டியை எனக்காகத் திறந்து காட்டினாங்க. இந்த எபிசோட் அங்கேதான் ஆரம்பிச்சுது. ஆனா பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கடைசியில சொல்றேன். அதைப் புரிஞ்சுக்க முதல்ல ஒரு கடலைச் சுத்தி வரணும்.

வாஞ்சூர் என்கிற எல்லை

காரைக்கால்ல இருந்து நாகூருக்கு பஸ்ல போனா, எல்லையில வாஞ்சூர்னு ஒரு ஊர் வரும். அதுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. எல்லைங்கிறதால வரிசையா மதுக்கடைகள். நம்ம ஆளுங்களுக்கு வாஞ்சூர் தெரியறது அதனாலதான். பக்கத்துல கீழவாஞ்சூர்ல இன்னிக்குக் காரைக்கால் துறைமுகம் இருக்கு.

ஆனா நாகூர் போற பக்தர்களுக்கு வாஞ்சூர் வேற ஊர். 16ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது, நாகூர் ஆண்டவர்னு மக்கள் சொல்றவர், 40 நாள் தனிமையில தவம் இருந்தது வாஞ்சூர்லதான்னு நம்பிக்கை. அவர் அடக்கமானது நாகூர்ல. பின்னாடி பிரெஞ்சுக்காரன் வந்து கோடு போட்டப்போ, தவம் இருந்த இடம் பிரெஞ்சு மண்ணாச்சு. அடக்கமான இடம் பிரிட்டிஷ் மண்ணாச்சு. நடுவுல சுங்கச் சாவடி. ஜனங்க அதைப் பத்தி ரொம்பக் கவலைப்பட்ட மாதிரி தெரியல. காரைக்கால்ல பொண்ணு, நாகூர்ல மாப்பிள்ளை, ரெண்டு பக்கமும் கடைன்னு வாழ்ந்தாங்க.

நாகூர் தர்காவோட மிக உயரமான மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் இந்து. 1739ல ஆட்சிக்கு வந்தார். அதே 1739லதான் பிரெஞ்சுக்காரங்க காரைக்காலைக் கையில எடுத்தாங்க. ஒரே வருஷத்துல ஆரம்பிச்ச இந்த ரெண்டு கதையும் இன்னிக்கும் அரை மணி நேரப் பயணத்துல பக்கத்துப் பக்கத்துல நிக்குது.

தலைகீழா ஒரு வரைபடம்

பள்ளிக்கூடத்துல நாம படிச்ச இஸ்லாமிய வரலாறு எப்படி இருந்துச்சு? கஜினி முகமது, கோரி முகமது, டெல்லி சுல்தான்கள், பாபர். எல்லாமே வடமேற்குல இருந்து குதிரையில வந்தது. கணவாய், போர், கோட்டை. அந்தப் பாடத்தை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். ஆனா என் வகுப்புல பக்கத்துல உட்கார்ந்திருந்த நண்பன் அந்தப் பாடத்துல எங்கேயும் இல்ல. அவன் முன்னோர் யாரும் கைபர் கணவாயைத் தாண்டி வரல.

சோழமண்டலக் கரைக்கு அரபு மாலுமிகள் வெச்ச பேர் "மஃபர்". கடந்து போற இடம்னு அர்த்தம். ஒரு கரைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் இருக்க முடியாது. அரேபியாவுல இருந்து சீனா வரைக்கும் போன கப்பல்களுக்கு இது வழியில இருந்த தங்குமிடம். பருவக்காத்து மாறுற வரைக்கும் காத்திருக்கணும். காத்திருந்தவங்க கல்யாணம் பண்ணினாங்க, பள்ளிவாசல் கட்டினாங்க, தமிழ் பேசினாங்க. உள்ளூர்ல இருந்து பலர் இஸ்லாத்துக்கு வந்தாங்க. மரைக்காயர்ங்கிற பேரே மரக்கலத்துல இருந்து வந்ததுன்னு ஒரு விளக்கம் உண்டு.

இதுக்கு ஒரு நல்ல தடயம் சொல்றேன். சுன்னி முஸ்லிம்கள்ல நாலு சட்டப் பள்ளிகள் உண்டு. அதை மத்ஹப்னு சொல்வாங்க. டெல்லி, ஹைதராபாத், நம்ம உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள், இங்கெல்லாம் பெரும்பாலும் ஹனஃபி. ஆனா நம்ம கரையோர மரைக்காயர் ஊர்கள்ல ஷாஃபி. வேற எங்கெல்லாம் ஷாஃபின்னு பாருங்க: ஏமன், கேரளாவோட மாப்பிள்ளைமார், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா. வரைபடத்துல புள்ளி வெச்சு இணைச்சா ஒரு கப்பல் வழி கிடைக்கும். தொழுகையில கை கட்டுற விதத்துல கூட அந்தக் கடல் வழி பதிஞ்சிருக்கு.

இன்னொரு தடயம் சாப்பாடு. தர்கா திருவிழாவை நாம கந்தூரின்னு சொல்றோம். நாகூர் கந்தூரி, காரைக்கால் மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி. மஸ்தான் சாகிப் மத்திய ஆசியாவுல இருக்கிற புகாராவுல இருந்து வந்தவர்னு சொல்றது ஊர் வழக்கம். அவர் கந்தூரிக்கு ரதமும் பல்லக்கும் தெருத்தெருவா வரும். எங்க வீட்டு வாசல்லயும் எல்லாரும் நின்னு பார்ப்போம். "கந்தூரி" பாரசீகச் சொல். சாப்பாட்டுக்கு விரிக்கிற துணின்னு பொருள். மலேசியாவுலயும் இந்தோனேசியாவுலயும் போய் "கெண்டூரி"ன்னு சொல்லிப் பாருங்க. ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறதுன்னு உடனே புரிஞ்சுக்குவாங்க. ஒரு விரிப்பு, ரெண்டு கரையிலயும் விரிச்சிருக்கு.

பினாங்குல சூலியா தெரு இருக்கு. சூலியான்னா நம்ம கரையில இருந்து போன தமிழ் முஸ்லிம்கள். சிங்கப்பூர்ல 1820கள்லயே சூலியா பள்ளிவாசலும், நாகூர் தர்காவோட நினைவா ஒரு தர்காவும் எழும்பிடுச்சு. மலேசியாவுல "மெரிக்கன்"னு குடும்பப் பேர் கேள்விப்பட்டா அமெரிக்கான்னு நினைக்காதீங்க, அது மரைக்காயர். நாகூர்க்காரர் குலாம் காதிர் நாவலர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவர், பினாங்குல இருந்து வந்த தமிழ்ப் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தார். அந்தக் காலத்துல நாகூர்ல இருந்த ஒருத்தருக்கு டெல்லியைவிட பினாங்கு பக்கம்.

ஆக, என் நண்பனோட இஸ்லாமிய உலகம் மேற்கே மக்காவை நோக்கித் தொழுதுச்சு. ஆனா பிழைப்புக்குக் கிழக்கே கப்பல் ஏறுச்சு.

கையெழுத்து போட்டா பிரெஞ்சுக்காரன்

இப்போ காரைக்காலோட தனிக்கதைக்கு வர்றேன். பினாங்கும் சிங்கப்பூரும் பிரிட்டிஷ் ஊர்கள். காரைக்கால் பிரெஞ்சு. 1859ல பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடிச்சப்போ, காரைக்கால்காரங்களுக்கும் பாண்டிச்சேரிக்காரங்களுக்கும் ஒரே கொடிக்குக் கீழ இன்னொரு ஊர் கிடைச்சுது. குமாஸ்தாவா, போலீஸ்காரரா, வரி வசூலிக்கிறவரா, துணி வியாபாரியாப் போனாங்க. முஸ்லிம்கள் அதிகம் போனது வியாபாரத்துக்கு, முக்கியமா துணிக்கடை. இதே காரைக்கால்ல இருந்துதான் ரீயூனியன், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளும் கப்பல் ஏறினாங்க. அது இன்னொரு கதை, அதுக்குத் தனி எபிசோட் வேணும்.

1819 ஜனவரி 6ஆம் தேதி பிரெஞ்சு அரசு பாண்டிச்சேரில ஒரு உத்தரவு போட்டுச்சு. இந்தியர்களை, அவங்க கிறிஸ்தவரோ, முஸ்லிமோ, இந்துவோ, அவங்கவங்க வழக்கப்படியே நீதிமன்றம் விசாரிக்கும்னு. முஸ்லிம்களை அதுல "மோர்"னு எழுதியிருக்காங்க. அதாவது காரைக்கால் முஸ்லிமுக்குக் கல்யாணம், விவாகரத்து, சொத்துப் பங்கு எல்லாம் ஷரீஅத்படி. சரி, நல்ல விஷயம்தானே?

1881 செப்டம்பர் 21ல இன்னொரு ஆணை வந்துச்சு. யார் வேணும்னாலும் தன் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறக்கிறேன்னு கையெழுத்து போடலாம். போட்டா பிரெஞ்சு சிவில் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பதிலுக்கு ஒரு குடும்பப் பேர் எடுத்துக்கணும். திரும்ப மாத்த முடியாது. பாண்டிச்சேரில இன்னிக்கும் சில தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பேர் இருக்கிறது அதனாலதான். சாதிக் கொடுமையில இருந்து தப்பிக்க நினைச்சவங்க, கிறிஸ்தவங்க, நிறையப் பேர் கையெழுத்து போட்டாங்க. அவங்களுக்கு அது ஒரு விடுதலை. அதைக் குறைச்சு மதிப்பிடக்கூடாது.

முஸ்லிம்கள்ல போட்டவங்க ரொம்பக் குறைவு. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. பேண்ட் போடுறதும் பிரெஞ்சு பேசுறதும் இங்கே பிரச்சினை இல்ல. வாப்பா மவுத்தாயிட்டா சொத்து எப்படிப் பிரியும், நிக்காஹ் எந்தச் சட்டத்துல நிக்கும்ங்கிறதுதான் கேள்வி. அந்த ஒரு கையெழுத்துல குடும்பத்தோட உள்கட்டமைப்பே மாறும். ஆனா போடலைன்னா, சைகோன்ல முழுப் பிரெஞ்சுக் குடிமகனுக்கு இருந்த ஓட்டுரிமை இல்ல. உத்தியோகத்துல பிரெஞ்சுக்காரன் சம்பளமும் இல்ல. காரைக்கால்ல ஓட்டுப் போட முடிஞ்ச அதே ஆள், சைகோன்ல இறங்கினதும் வேற ஆள்.

இது காரைக்காலுக்கு மட்டும் நடந்ததில்ல. அல்ஜீரியாவுல 1865லயே பிரான்ஸ் இதே பேரத்தை வெச்சுது: முஸ்லிம் சட்டத்தை விடு, குடியுரிமை எடுத்துக்க. பல பத்தாண்டுகள்ல சில ஆயிரம் பேர்தான் ஏத்துக்கிட்டாங்க. ஆனா செனகல்ல நாலு ஊர் முஸ்லிம்களுக்கு, முதல் உலகப் போர் நடந்த 1916ல, மதச் சட்டத்தை விடாமலே குடியுரிமை கொடுத்தாங்க. அந்தப் போருக்கு வீரர்கள் தேவைப்பட்டாங்க. அப்போ, முஸ்லிமாவும் குடிமகனாவும் ஒரே நேரத்துல இருக்க முடியாதுன்னு சொன்னது தத்துவம் இல்ல, வசதி. தேவைன்னா முடியும், தேவை இல்லைன்னா முடியாது.

சபராளி வீடு

எங்க பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல வெளிநாட்டுல சம்பாதிக்கிறவரைச் "சபராளி"ன்னு சொல்வாங்க. சபர்னா அரபில பயணம். சபராளி வீடுன்னு ஒரு வீட்டைச் சொன்னா, அந்த வீட்டை நடத்துறது பெண்கள்னு அர்த்தம். கரையோரத் தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றுல கல்யாணம் ஆனதும் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குப் போகும். ஆம்பளைங்க வருஷக்கணக்கா கடல்ல இருக்கிற ஊர்ல இதுல ஒரு நியாயம் இருக்கு. அவர் எங்கே இருந்தாலும் அவ தன் உம்மாகூட, தன் லாத்தாகூட, தன் சுவருக்குள்ள இருப்பா.

உம்மா பிறந்தது 1938ல. அவங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே அவங்க வாப்பா சைகோன்ல இருந்தார். ஒரு துணிக்கடையில கணக்கு எழுதி, அப்புறம் சொந்தமாக் கடை வெச்சவர். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். சைகோன் நகர மையத்துல, இப்போ டோங் து தெருன்னு சொல்ற இடத்துல, 1935ல தென்னிந்திய முஸ்லிம்கள் ஒரு பள்ளிவாசல் கட்டினாங்க. இன்னிக்கும் இருக்கு. சுத்தி உயரமான ஓட்டல்கள், நடுவுல வெள்ளையும் நீலமுமா. வெள்ளிக்கிழமை அங்கே தொழ வர்றவங்கள்ல மலேசியா, இந்தோனேசியா ஆட்கள், வியட்நாமோட சாம் முஸ்லிம்கள் எல்லாரும் உண்டு. கட்டினவங்களோட பேரப்பிள்ளைங்க மட்டும் பெரும்பாலும் வேற எங்கேயோ இருக்காங்க.

யாரும் கையெழுத்து போடாம

1946 மே மாசம் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. அதைக் கொண்டு வந்த செனகல் உறுப்பினர் லமின் கெய் பேர்லயே அந்தச் சட்டத்தைச் சொல்வாங்க. காலனிகள்ல இருக்கிற எல்லாரும் குடிமக்கள். சொந்தச் சமூகச் சட்டத்தை விடணும்னு கட்டாயம் இல்ல. 1881ல கையெழுத்து போடாதவங்களோட பேரனுக்கு, தாத்தா மறுத்தது எதையும் விடாமலே கிடைச்சிடுச்சு. 65 வருஷம் ஆச்சு.

ஆனா அதை அனுபவிக்க நேரம் இல்ல. 1947ல இந்தியா சுதந்திரம். 1954 அக்டோபர் 18ல கீழூர்ல மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டாங்க: 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேரணும்னு. நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறுச்சு. 1956ல ஒப்பந்தம். பிரான்ஸ் அதை ஏத்து, 1962 ஆகஸ்ட் 16லதான் சட்டப்படி முடிஞ்சுது.

அந்த ஒப்பந்தத்துல குடியுரிமை பத்தின பகுதியைக் கவனமாப் பாருங்க. காரைக்கால்ல பிறந்து காரைக்கால்லயே இருக்கிறவர் தானா இந்தியர் ஆயிடுவார். பிரெஞ்சா இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எல்லாப் பகுதியும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தாங்க. ஆனா காரைக்கால்ல பிறந்து இந்தியாவுக்கு வெளியே இருக்கிறவருக்கு விதி தலைகீழ். அவர் தானா பிரெஞ்சுக்காரரா இருப்பார். இந்தியரா ஆகணும்னாதான் எழுதிக் கொடுக்கணும்.

1962ல உம்மாவுக்கு 24 வயசு, கல்யாணம் ஆகிக் காரைக்கால்ல இருந்தாங்க. எதுவும் எழுதல. இந்தியர். அவங்க வாப்பா சைகோன்ல. எதுவும் எழுதல. பிரெஞ்சுக்காரர். ஒரே வீடு, ஒரே ஷரீஅத், ரெண்டு நாடு. ரெண்டு பேருமே ஒரு பேப்பர்லயும் கையெழுத்து போடல. 1881ல கையெழுத்து போட்டா ஆள் மாறுவான்னு பயந்தாங்க. 1962ல கையெழுத்து போடாததே ஆளை மாத்திடுச்சு.

"ஏன் உம்மா, அவங்க எழுதிக் கொடுத்திருக்கலாமே?"ன்னு கேட்டேன்.

"கடை அங்கல்ல இருந்துச்சு தம்பி"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

1968ல ஒரு தடவை வந்தாராம். பிறந்த ஊருக்கு, மகள் வீட்டுக்கு, வெளிநாட்டு பாஸ்போர்ட்ல. 1975ல சைகோன் விழுந்ததும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தவங்க பலரைப் போல பிரான்சுக்குப் போனார். அங்கேயே மவுத்தானார். கபர் பாரிஸ் பக்கம் ஏதோ ஒரு ஊர்ல. உம்மா போனதில்ல.

பெட்டிக்குள்ள

பெட்டியில இருந்தது நாலு பொருள். ஒரு பிரெஞ்சு அடையாள அட்டை. ஒரு தஸ்பீஹ் மாலை. பட்டுத் துணியில ஒரு துண்டு. ஒரு போட்டோ.

போட்டோல அந்த சைகோன் பள்ளிவாசல் முன்னாடி உம்மாவோட வாப்பா கோட் போட்டு நிக்கிறார். பக்கத்துல வியட்நாம் உடையில ஒரு பெண். முன்னாடி ஆறேழு வயசுல ஒரு பொண்ணு. எனக்கு என்ன கேட்கிறதுன்னு தெரியல. உம்மாவே சொன்னாங்க: "அது என் தங்கச்சி."

சபராளிகள் பலருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாங்க. உம்மாவோட உம்மா அந்தப் போட்டோவைக் கிழிக்கலை, மாட்டவும் இல்ல. பெட்டியில வெச்சுப் பூட்டினாங்க. நான் சொன்ன இந்தப் பெரிய கடல் வரலாறு, அதோட கணக்கை யார் கட்டினாங்கன்னு கேட்டா, அந்தப் பூட்டைத்தான் காட்டுவேன். கிழக்கே போன ஆம்பளைங்களைப் பத்திப் பாட்டு உண்டு, பள்ளிவாசல் உண்டு. காத்திருந்த பொம்பளைங்களுக்கு, ரெண்டு கரையிலயும், ஒண்ணும் இல்ல.

அந்தத் தங்கச்சி இப்போ பிரான்ஸ்ல இருக்காங்க. எழுபதைத் தாண்டியாச்சு. பேரப்பிள்ளைங்க இன்ஸ்டாகிராம்ல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க. இப்போ பெருநாளுக்குப் பெருநாள் வீடியோ கால். அந்தம்மாவுக்குப் பிரெஞ்சும் வியட்நாம் மொழியும் தெரியும். உம்மாவுக்குத் தமிழ் மட்டும். "என்னதான் பேசுவீங்க?"ன்னு கேட்டேன்.

"சலாம் சொல்லுவா, சொல்லுவேன். வாப்பா பேர்ல பாத்திஹா ஓதுவோம், அது ரெண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் புள்ளைங்க பேசிக்கும், நாங்க பாத்துக்கிட்டு இருப்போம்."

இஸ்லாமிய உலகம்னு தேடினா கூகுள் உங்களுக்கு வரைபடம் காட்டும், பச்சை நிறம் பூசி. அதுல காரைக்கால் இருக்காது. 1881லயும் 1962லயும் அரசாங்கங்கள் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: நீ இதுவா, அதுவா, ஒண்ணைச் சொல்லு. இன்னிக்கும் அந்தக் கேள்வியை நம்ம தெருவுல, நம்ம போன்ல, வேற வேற குரல்ல கேட்கிறாங்க. என் நண்பனையும் கேட்டிருக்காங்க, "நீங்க எங்கிருந்து வந்தீங்க?"ன்னு. காரைக்கால்னு அவன் சொன்னா, "அது சரி, அதுக்கு முன்னாடி?"ன்னு திரும்பக் கேட்பாங்க.

அடுத்த தடவை யாராவது கேட்டா, அவன் அந்தப் போட்டோவைக் காட்டலாம்னு நினைக்கிறான். உம்மா சம்மதிச்சிட்டாங்க. பெட்டியைப் பூட்டுறதையும் நிறுத்திட்டாங்க.

உங்க வீட்லயும் பர்மா பெட்டி, சிலோன் டிரங்குப் பெட்டி, பினாங்கு தட்டுன்னு ஏதாவது இருக்கலாம். பாட்டிகிட்ட கேளுங்க. அவங்க இருக்கும்போதே கேளுங்க. கேட்டதை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல காரைக்கால்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினவங்களோட கதையோட வர்றேன்.